அடைக்கலமாகக் கிடக்கும் உடல்

தன்னை மறந்து, தன் உடலுக்கு நேர்வதை அறியாமல் கிடக்கும் ஒருவருக்கு அருகில் விழித்திருப்பவர்கள் எந்த அளவுக்குக் கடன்பட்டவர்கள் என்னும் வினா சமயங்களுக்கும் தத்துவங்களுக்கும் மிகப் பழையது. அவ்வினாவை நாள்தோறும், அதுவும் கையில் கத்தியோடு எதிர்கொள்ளும் இடம் அறுவை அரங்கு. பிற இடங்களில் உறங்குபவரைத் தொடாதிருப்பதே முறை. அறுவை அரங்கிலோ ஒருவரை உறங்க வைப்பதே அவரைத் தொடுவதற்காக, தோலைக் கீறி உள்ளுறுப்பு வரை கை செலுத்துவதற்காக. அரங்கும் அதன் கருவிகளும் கடந்த இருநூறு ஆண்டுகளில் வளர்ந்த கதையை மருத்துவ வரலாறுகள் வெற்றிகளின் வரிசையாகச் சொல்கின்றன. அக்கதையை நோயாளியின் பக்கம் நின்று படித்தால் மற்றொரு வரிசை புலப்படும்: புதிய முறைகள் பலவும் நோயாளியை அவருடைய உடலிலிருந்து மேலும் ஒரு படி விலக்கி வைத்தன, அவர் விலகிய அளவுக்கு அங்கே நிற்பவர்களின் பொறுப்பு கனத்தது.

‘அரங்கு’ என்ற சொல்லே இவ்வரலாற்றின் தொடக்கத்தைக் காட்டும். ஐரோப்பிய மருத்துவமனைகளில் அறுவை நடந்த கூடத்துக்கு நாடக மேடையின் பெயர் வந்ததற்குக் காரணம், அங்கே பார்வையாளர் இருந்ததுதான். லண்டனில் புனித தாமஸ் மருத்துவமனையைச் சேர்ந்த பழைய அரங்கு, ஒரு தேவாலயத்தின் கூரைக்கடியில் 1822இல் அமைக்கப்பட்டு, மருத்துவமனை இடம் மாறிய 1862 வரை பயன்பட்டு, பின் மறக்கப்பட்டு, 1956இல் மீண்டும் கண்டறியப்பட்டு, இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. நடுவில் ஒரு மரப்பலகை மேசை. மேலே வெளிச்சத்துக்காகக் கண்ணாடிக் கூரை. சுற்றிலும் அரைவட்டமாகப் படிப்படியாக உயரும் மரத்தட்டுகள், அவற்றில் நெருங்கி நின்ற மாணவர்கள். மேசைக்கு அடியில் வடியும் குருதியை ஏந்த மரத்தூள் நிரப்பிய ஒரு பெட்டி. அங்கே அறுக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் அடுத்த அறையில் கிடந்த ஏழைப் பெண்கள். சுவரில் எழுதப்பட்டிருக்கும் இலத்தீன் வாசகம், இங்கே செய்யப்படுவது இரக்கத்தால், கூலிக்காக அன்று என்னும் பொருள் தருவது. அந்த வாசகத்துக்குக் கீழே, முழு நினைவோடு, நூறு கண்களுக்கு முன்னால் ஒரு பெண் கிடந்தாள் என்பதையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.

மயக்க மருந்து வருவதற்கு முன் நோயாளியே தன் அறுவையின் முதற்சாட்சியாக இருந்தார். ஆங்கில நாவலாசிரியர் ஃபேனி பர்னி 1811 செப்டம்பர் 30 அன்று பாரிஸில், நெப்போலியனின் படை மருத்துவரான லாரேயின் கையால் மார்பக அறுவைக்கு உட்பட்டார்; பின்னர் தம் தமக்கைக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், முகத்தின்மேல் விரித்த மெல்லிய கைக்குட்டையின் ஊடாக எஃகு பளபளத்ததைக் கண்டதாகப் பதிவு செய்தார். அக்காலத்தில் அறுவை மருத்துவரின் தலையாய திறன் விரைவு. வலி நீளும் நேரத்தைக் குறைப்பதே அவரால் காட்டக்கூடிய பெரிய கருணையாக இருந்தது. தமிழ் மரபும் இந்த விழித்த நோயாளியை அறியும். பெருமாள் திருமொழியில் குலசேகர ஆழ்வார், வாளால் அறுத்துச் சுட்டாலும் மருத்துவனிடம் அன்பு குறையாத நோயாளியை, துயர் தந்தாலும் இறைவனை விடாத அடியவனுக்கு உவமையாக்குகிறார். அந்த உவமைக்கு உயிர் தருவது நோயாளியின் விழிப்பு: அவன் வலியை அறிகிறான், அறுக்கும் கையையும் அறிகிறான், அறிந்தே நம்புகிறான்.

அந்த விழிப்பு 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், பலர் பார்க்க அணைக்கப்பட்டது. பல் மருத்துவர் வில்லியம் மார்ட்டன் ஈதர் என்னும் நீர்மத்தின் ஆவியை நோயாளியை முகரச் செய்ய, அறுவை மருத்துவர் ஜான் காலின்ஸ் வாரன் அவர் கழுத்துக் கட்டியை அறுத்தார். இதற்கு முன்னரே 1804இல் ஜப்பானில் ஹனாவோகா சேய்ஷூ மூலிகைக் கலவையால் நோயாளியை மயக்கி மார்பகப் புற்றை நீக்கியிருந்தார். மதுவைப் பருகச் செய்து வலியை மழுக்கும் முறையைச் சுசுருத சங்கிதை அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன் சொல்லியிருந்தது. ஆனால் உலகெங்கும் சில மாதங்களில் பரவிய வழக்கம் பாஸ்டனில்தான் தொடங்கியது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் கிரேக்கப் பெயர் உணர்ச்சியின்மையைச் சுட்டும். தமிழ் வழங்கிய ‘மயக்கம்’ என்ற பெயரோ அறிவின் தடுமாற்றத்தைச் சுட்டும். தமிழ்ச்சொல்லே நிகழ்ந்ததை நெருங்கிச் சொல்கிறது எனலாம். ஏனெனில் அன்று வலி மட்டும் அகலவில்லை, வலியை அறிபவரும் அந்த இடத்தை விட்டு அகன்றார்.

மதத்தின் பெயரால் எழுந்த முதல் வினா வலியைப் பற்றியதாக இருந்தது. எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் 1847இல் குளோரோஃபார்மைப் பிரசவ வலிக்குப் பயன்படுத்தியபோது, வேதனையோடு பிள்ளை பெறுவாய் என்று ஆதியாகமத்தில் ஏவாளுக்குச் சொல்லப்பட்டதை மனிதர் மாற்றலாமா என்று சிலர் கேட்டனர். சிம்ப்சன் அதே நூலைக் கொண்டே விடையிறுத்தார்: ஆதாமின் விலா எலும்பை எடுக்கும் முன் இறைவன் அவனை ஆழ்ந்த உறக்கத்தில் ஆழ்த்தினார் என்பதும் அங்கேதானே எழுதப்பட்டுள்ளது என்றார். விக்டோரியா அரசியார் 1853இல் தம் எட்டாவது பிள்ளைப்பேற்றில் ஜான் ஸ்நோ கொடுத்த குளோரோஃபார்மை ஏற்றபின் அந்த எதிர்ப்பு வலுவிழந்தது. வலி புனிதமானதா என்னும் அவ்வழக்கு அத்துடன் முடிந்ததில் இழப்பு ஏதுமில்லை; உயிரின் துன்பத்தைத் தீர்ப்பது அதன் வினைக்கோ விதிக்கோ குறுக்கே நிற்பதாகும் என்று வாதிடும் எந்தச் சமயமும் தன் அருளுணர்வுக்கே எதிராக வாதிடுகிறது. சிம்ப்சனின் விடையில் கவனிக்கத்தக்க வேறொன்று உண்டு. அக்கதையில் ஆதாம் உறங்கினான். அவனை உறங்க வைத்தவரோ விழித்திருந்தார்.

உறக்கத்தில் உயிர் என்னவாகிறது என்பதை இந்தியத் தத்துவங்களைப் போல் நுணுகி ஆராய்ந்தவை சிலவே. நனவு, கனவு, கனவும் அற்ற ஆழ்துயில், இவற்றைக் கடந்த நான்காம் நிலை என மாண்டூக்கிய உபநிடதம் பகுத்தது. விழித்தெழுந்தவர் ‘நன்றாகத் தூங்கினேன், ஒன்றும் அறியேன்’ என்று சொல்வது நினைவுகூரல் என்றும், நினைவுகூர வேண்டுமானால் துயிலிலும் ஒரு சாட்சி இருந்திருக்க வேண்டும் என்றும் அத்துவைதிகள் வாதிட்டனர். நையாயிகர்கள், அதாவது தருக்க நெறியைத் தத்துவமாகக் கொண்டவர்கள், அதை மறுத்தனர். மனத்தின் தொடர்பு அற்றால் அறிவு தோன்றாது, விழித்தபின் சொல்வது நினைவன்று, அனுமானமே என்றனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தில் மூன்றாவது வழி காட்டினார். உடல் கிடக்க, உறக்கத்தில் உண்ணலும் தொழிலும் நின்றுபோவதிலிருந்தே உடல் வேறு உயிர் வேறு என்று அவர் நிறுவினார். நனவு முதல் உயிர்ப்படக்கம் வரையிலான ஐந்து அவத்தைகளில், அதாவது ஐந்து நிலைகளில், கீழிறங்குந்தோறும் புலன்களும் மனமும் ஒவ்வொன்றாகக் கழல, உயிர் அறியாமையில் மூடுண்டு நிற்கும் என்பது சைவ சித்தாந்தத்தின் கொள்கை.

மயக்கத்தில் கிடப்பவரைப் பற்றிச் சிந்திக்க இம்மூன்றாம் வழி பெரிதும் துணை செய்கிறது. மயக்கம் தெளிந்தவர்களில் பலர் நன்றாகத் தூங்கியதாகக்கூடச் சொல்வதில்லை. கண்ணை மூடித் திறந்ததற்கு இடையில் காலமே கழியவில்லை என்கின்றனர். அத்துவைதி சுட்டும் அந்த நினைவுகூரல் இங்கே கிடைக்காமற்போகலாம். ஆயினும் கருவிகள் கழன்ற உயிர் இல்லாத உயிர் ஆகிவிடாது என்னும் சித்தாந்தத் தெளிவு நிலைத்து நிற்கிறது. அறிவதற்குரிய கருவி தற்காலிகமாகப் பறிக்கப்பட்டிருக்கிறது. அறிபவருக்குரிய உரிமை பறிக்கப்படவில்லை. இதைக் கோட்பாடாக ஏற்பது எளிது. நடைமுறையில் ஏற்க மருத்துவ உலகுக்கு நெடுங்காலம் ஆயிற்று.

தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்பு முனையில் தடவிய குராரே என்னும் நஞ்சின் தூய வடிவத்தை 1942இல் கனடாவின் மான்ட்ரியால் நகரில் ஹெரால்ட் கிரிஃபித்தும் ஈனிட் ஜான்சனும் அறுவைக்குப் பயன்படுத்தினர். அது தசைகளைத் தளர்த்தியதால் குறைந்த மயக்க மருந்திலேயே வயிற்றைத் திறக்க முடிந்தது. உடனே ஓர் ஐயம் எழுந்தது: அசையாமல் கிடப்பவர் உணராமலும் கிடக்கிறாரா? அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் ஸ்காட் ஸ்மித் இதற்குத் தம் உடலையே சோதனைக்குக் கொடுத்தார். மயக்க மருந்து ஏதுமின்றி, தானாக மூச்சுவிடவோ இமையைத் தூக்கவோ இயலாத அளவுக்குக் குராரே செலுத்தப்பட்ட நிலையில், தம்மைச் சுற்றி நடந்த ஒவ்வொன்றையும் அவர் அறிந்திருந்தார். சோதனை முடிந்தபின் அவற்றை வரிசையாகச் சொன்னார். 1947இல் வெளிவந்த அந்த ஆய்வு நிறுவிய உண்மை மருந்தியலுக்கு மட்டும் உரியதன்று. மௌனம் ஒப்புதல் ஆகாது. அசைவின்மை அமைதி ஆகாது.

இவ்வளவு தெளிவாக நிறுவப்பட்ட பின்னரும், பேச இயலாத வேறொரு சாராரிடம் அது மறக்கப்பட்டது. பச்சிளங்குழந்தைகளின் நரம்பு மண்டலம் முதிராததால் அவை வலியைச் சரிவர உணரா என்னும் நம்பிக்கையாலும், வலுவான மருந்தைத் தாங்கா என்னும் அச்சத்தாலும், 1980களின் நடுப்பகுதி வரை மேலை நாட்டு மருத்துவமனைகள் பலவற்றில் பிறந்த சில நாட்களே ஆன குழந்தைகளுக்குத் தசை தளர்த்தியும் மிக மெல்லிய மயக்கமும் மட்டும் கொடுத்து அறுவை செய்தனர். ஆக்ஸ்ஃபோர்டில் பணிபுரிந்த இந்திய மருத்துவர் கன்வல்ஜீத் ஆனந்தும் அவருடைய குழுவினரும் 1987இல் வெளியிட்ட ஆய்வு, ஃபென்டனில் என்னும் வலி நீக்கி கொடுக்கப்பட்ட குறைமாதக் குழந்தைகளின் உடல் அறுவையின் தாக்குதலைக் குறைவாகவே எதிர்கொண்டது என்றும், அவை தேறியதும் மேலாக இருந்தது என்றும் காட்டியது. இரத்தத்தில் சுரந்த பொருட்களின் அளவு, வாய் சொல்ல முடியாததைச் சொன்னது. அழுகை கேட்காததால் துன்பம் இல்லை என்று முடிவு கட்டிய அறிவு, தன் கண்முன் கிடந்த உயிரைவிடத் தன் கோட்பாட்டை நம்பிய அறிவாகும்.

நினைவைப் பற்றியும் இதே எச்சரிக்கை தேவைப்படுகிறது. அறுவையின்போது விழித்திருந்ததை நோயாளிகள் தாமாகவே பின்னர் சொல்வது மிக அரிது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2014இல் வெளிவந்த பெருங்கணக்கெடுப்பு ஏறத்தாழ 19,000 மயக்கங்களுக்கு ஒன்று என்று கண்டது. ஆனால் 1977இல் டன்ஸ்டால் என்னும் மருத்துவர் வகுத்த ஒரு முறை வேறு விதமாக வினவியது. தசை தளர்த்தியைச் செலுத்தும் முன் ஒரு கையில் பட்டையைக் கட்டி இறுக்கினால் மருந்து அந்த முன்கைக்குச் செல்லாது. உடல் முழுதும் அசைவற்றுக் கிடக்க அக்கை மட்டும் அசையும் ஆற்றலோடு இருக்கும். அப்போது நோயாளியைப் பெயர் சொல்லி அழைத்து, கேட்கிறதென்றால் கையை அழுத்துமாறு சொல்வார்கள். 2017இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், மூச்சுக்குழாய் பொருத்தியவுடன் இவ்வாறு கேட்கப்பட்ட 260 பேரில் 4.6 விழுக்காட்டினர் கையை அழுத்தினர். இவ்வாறு விடையளிப்பவர்களில் பெரும்பாலோர் விழித்தபின் அதை நினைவில் வைத்திருப்பதில்லை. நினைவில் தங்காத வலி வலியே அன்று என்று சொல்வார் உண்டு. அவ்வாதத்தை ஏற்றால், பின்னர் மறந்துவிடுவார் என்ற உறுதி இருந்தால் யாருக்கும் எதையும் செய்யலாம் என்னும் முடிவுக்கு வர நேரும். துன்பம் அது நிகழும் கணத்திலேயே முழுமையான துன்பம். நினைவு அதற்கு மெய்ப்பு அளிப்பதுண்டு, உண்மை அளிப்பதில்லை.

மயக்கத்தில் உணர்ச்சியோடு விருப்பமும் உறங்குகிறது. நியூயார்க்கில், பரிசோதனைக்காக மட்டும் ஈதர் முகர ஒப்பி, அறுவை வேண்டாம் என்று சொல்லியிருந்ததாக வழக்காடிய ஒரு பெண்ணின் கட்டி மயக்கத்திலேயே அகற்றப்பட்டது; அவ்வழக்கில் 1914இல் தீர்ப்பெழுதிய நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ, தன் உடலுக்கு என்ன செய்யப்படலாம் என்பதை முடிவு செய்யும் உரிமை தெளிந்த மனமுடைய வயதுவந்த ஒவ்வொருவருக்கும் உண்டு என்று நிறுவினார். இந்திய உச்ச நீதிமன்றம் 2008இல் இதற்கு மிக ஒத்த வழக்கைத் தீர்த்தது: நோயறியும் சோதனைக்காக மயக்கப்பட்ட ஒரு பெண்ணின் கருப்பையும் சூலகங்களும், வெளியே காத்திருந்த தாயிடம் பெற்ற இசைவைக் கொண்டு அகற்றப்பட்டிருந்தன. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில், சோதனைக்குத் தந்த ஒப்புதல் அறுவைக்குத் தந்த ஒப்புதல் ஆகாது என்றும், தாயின் இசைவு அந்தப் பெண்ணின் இசைவுக்கு ஈடாகாது என்றும் நீதிமன்றம் கூறியது. விழித்திருந்தபோது சொன்ன சொல்லே, அவர் உறங்கும்போது அவருடைய இடத்தில் நிற்கிறது. வீட்டுப் பெரியவர் கையெழுத்திட்டால் போதும் என்னும் பழக்கம் வேரூன்றிய சமூகத்தில் இத்தீர்ப்பின் கனத்தை உணர்ந்தே ஒப்புதல் படிவத்தை நீட்ட வேண்டும்.

இதற்கிடையில் அரங்கின் சுவர்களும் மாறின. 1865இல் கிளாஸ்கோவில் ஜோசஃப் லிஸ்டர், வண்டி ஏறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவனின் புண்ணில் கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியை வைத்துக் கட்டினார். புண் சீழ் பிடிக்காமல் ஆறியது. பின்னர் பெர்லினில் கருவிகளையும் துணிகளையும் நீராவியால் தூய்மையாக்கும் முறை வளர்ந்தது. பால்டிமோரில் வில்லியம் ஹால்ஸ்டெட் ரப்பர் கையுறைகளை வரவழைத்தது, கிருமிக்கொல்லிக் கரைசலால் ஒரு செவிலியரின் கைகள் புண்பட்டதற்காக. அவை நோயாளியையும் காக்கின்றன என்பது பின்னரே விளங்கியது. கை கழுவுதல், தனி உடை, முகக்கவசம், எல்லை தாண்டாமை என இன்று அரங்கில் காணும் ஒழுங்குகள் கோயில் கருவறையின் ஆசாரத்தை நினைவூட்டும். ஆயினும் இரண்டுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. தீட்டு என்னும் கருத்தை ஒட்டிய ஆசாரம் மேலிருப்பவரைக் கீழிருப்பவரின் தொடுகையிலிருந்து காப்பதாகவே பெரிதும் அமைந்தது. அறுவை அரங்கின் தூய்மையோ தொடுபவரையே ஐயுற்று, கிடப்பவரைக் காக்கிறது. தன் கையே பிறருக்குத் தீங்காகலாம் என்று வல்லமை உடையவர் ஒப்புக்கொண்டு கழுவத் தொடங்கியது, தூய்மையின் வரலாற்றில் ஓர் அறத் திருப்பம்.

கிருமியை வெளியே நிறுத்திய அதே கதவு பார்வையாளரையும் வெளியே நிறுத்தியது. நோயாளி உறங்குகிறார், ஊரும் உறவும் கதவுக்கு அப்பால் அமர்ந்திருக்கின்றன. உள்ளே நடப்பதற்கு வேறு சாட்சிகளை உண்டாக்க வேண்டியிருந்தது. டக்குவோ ஆவோயாகி 1974இல் ஜப்பானில் முன்வைத்த கொள்கையின்படி அமைந்த துடிப்பு ஆக்சிஜன் அளவி, விரல் நுனியில் ஒளியைச் செலுத்தி இரத்தத்தின் ஆக்சிஜனைக் கணிக்கிறது. ஆக்சிஜன் குறையக் குறைய அதன் ஒலி தாழ்ந்துகொண்டே வரும். திரையைப் பார்க்காமலேயே அரங்கில் உள்ள அனைவரும் அந்தச் சுருதி இறங்குவதைக் கேட்டு நிமிர்வார்கள். வாய்மூடிக் கிடப்பவரின் உடல் அக்கருவி வழியாகப் பேசுகிறது. ஆயினும் ஹார்வர்டு மருத்துவமனைகள் 1986இல் வெளியிட்ட மயக்கக் கண்காணிப்பு நெறிகளில் முதல் நெறி எந்தக் கருவியையும் பற்றியதன்று: மயக்கம் நீடிக்கும் நேரம் முழுவதும் அதற்குரிய மருத்துவரோ பயிற்சி பெற்ற செவிலியரோ அந்த அறையிலேயே இருக்க வேண்டும் என்பதே அது.

இன்று அறுப்பவரே விலகத் தொடங்கியிருக்கிறார். 2001 செப்டம்பரில் ழாக் மரெஸ்கோ நியூயார்க்கில் அமர்ந்து இயக்கிய ரோபோ கைகள், பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் கிடந்த ஒரு பெண்ணின் பித்தப்பையை அகற்றின. இவ்வாறு செய்யும்போது செய்தவர் யார் என்னும் குழப்பத்துக்குத் தமிழ் இலக்கணத்தில் ஒரு தெளிவு உண்டு. மூன்றாம் வேற்றுமையின் ‘ஆல்’ உருபு கருவிக்கும் வரும், கருத்தாவுக்கும் வரும்; கத்தியால் அறுத்தார் என்பதிலும், மருத்துவரால் அறுக்கப்பட்டது என்பதிலும் உருபு ஒன்றே. உருபு ஒன்றாயினும் இரண்டையும் ஒன்றென மயங்காமல் வினைமுதலையும் கருவியையும் பிரித்துச் சொன்னார் தொல்காப்பியர். எந்திரம் எவ்வளவு நுண்மை பெற்றாலும், கடலுக்கு அப்பாலிருந்து இயங்கினாலும், கருவிக்குரிய ‘ஆல்’ அதற்குப் பொருந்தும். பதில் சொல்ல வேண்டியவருக்குரிய ‘ஆல்’ மனிதருக்கே பொருந்தும்.

தன் பெற்றோரையும் மக்களையும் ஐயுறும் நோயாளிகூட மருத்துவரை நம்பித் தன்னை ஒப்படைக்கிறான். ஆகவே அவனைப் பெற்ற பிள்ளையைப் போல் காக்க வேண்டும் என்று சுசுருத சங்கிதை, அறுவை வகைகளைச் சொல்லும் இடத்திலேயே சொல்கிறது. தமிழில் இதற்கு அடைக்கலம் என்று பெயர். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைத்த பகுதி அடைக்கலக் காதை எனவே வழங்குகிறது. அடைக்கலப் பொருளின் இயல்பு, ஒப்படைத்தவர் அருகில் இருந்து பார்க்க முடியாதது. காப்பவரின் நேர்மையைத் தவிர அதற்கு வேறு அரண் கிடையாது. அறுவை மேசையில் ஒப்படைத்தவரும் ஒப்படைக்கப்பட்ட பொருளும் ஒருவரே என்பதால் இங்கே அடைக்கலத்தின் அறம் தன் உச்சத்தைத் தொடுகிறது.

உலக நலவாழ்வு நிறுவனம் 2008இல் வெளியிட்ட 19 கூறுகள் கொண்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் இவ்வறத்துக்கு ஒரு நடைமுறை வடிவம் தந்தது. டெல்லி உள்ளிட்ட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைப் பின்பற்றியபோது இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11 விழுக்காட்டிலிருந்து 7 ஆகவும் குறைந்தன என்று 2009இல் வெளியான ஆய்வு கூறியது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 101 மருத்துவமனைகள் அதை ஏற்றபின் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் தெரியவில்லை என்று 2014இல் மற்றோர் ஆய்வு கூறியது. சமய வாழ்வை அறிந்தவர்களுக்கு இம்முரண் வியப்பாக இராது. ஒரே மந்திரம் ஒருவர் வாயில் வழிபாடாகவும் இன்னொருவர் வாயில் வெற்றொலியாகவும் இருப்பது எங்கும் காண்பதே.

அப்பட்டியலின்படி, தோலைக் கீறும் முன் அரங்கில் உள்ள அனைவரும் கைவேலையை நிறுத்த வேண்டும். நோயாளியின் பெயர், செய்யப்போகும் அறுவை, கீறப்போகும் இடம் ஆகியவற்றை ஒருவர் உரக்கச் சொல்ல, மற்றவர்கள் உறுதி செய்ய வேண்டும். தன் பெயரைத் தானே சொல்ல முடியாத ஒருவருக்காகப் பிறர் அதைச் சொல்லும் அந்த நேரம் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. எத்தனை அறுவைகள் வரிசையில் காத்திருந்தாலும், எவ்வளவு புதிய எந்திரம் பக்கத்தில் நின்றாலும், அறுவை அரங்கில் பணிபுரிவோர் அந்த ஒரு நிமிடத்தைச் சுருக்காதிருக்க வேண்டும். அதைப் படிவத்தில் குறியிடும் வேலையாகக் கருதாமல், அடைக்கலம் ஏற்கும் சொல்லாகவே சொல்ல வேண்டும்.